மறு: சீரியல் லிங்க் – "தொடர் இணைப்பு" சரியா வருமா?

வணக்கம் எல்லாருக்கும்,

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடி அண்ணா நேத்து அனுப்பின பட்டியல்ல கன்ட்ரோலருக்கு கட்டுப்படுத்தி, ஹார்ட் டிஸ்க்குக்கு வன்தட்டு, இதுலல்லாம் எனக்கு சண்டை இல்ல. இந்த ஒரு வரிதான் நெருடுது:

> சீரியல் லிங்க் = தொடர் இணைப்பு

தமிழ் மீடியத்துல இயற்பியல் படிச்ச யார்கிட்டயாவது "கட்டுப்படுத்தியும் வன்தட்டுகளும் தொடர் இணைப்புல இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, அவங்க மனசுல வர்ற படம் திருவிழாவுல தொங்கவிடற சீரியல் செட்டுதான், ஒரு பல்பு போனா மொத்தமும் அணையுமே அது. நாம பேசற சீரியல் லிங்க் சாட்டாவோடது (சீரியல் ஏடிஏ, வன்தட்ட கட்டுப்படுத்தியோட இணைக்கற முறை), அதுல நடக்கறது நேர் தலைகீழ். ஒவ்வொரு தட்டுக்கும் தனி கேபிள், கட்டுப்படுத்தியில தனி போர்ட், ஒண்ண பிடுங்கினா பக்கத்து தட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

ஒரே கேபிள பங்கு போட்டுக்கிட்டது சாட்டாவுக்கு முந்தின பழைய பேரலல் ஏடிஏ. அந்தப் பட்டையான கேபிள்ல ரெண்டு டிஸ்க் தொங்கும், எது மாஸ்டர் எது ஸ்லேவ்னு தட்டுல இருக்கற ஜம்பர்ங்கற குட்டிச் செருகிய மாத்தி வைக்கணும். நான் ஒரு தடவ ரெண்டையும் மாஸ்டர்லயே விட்டுட்டு பாதி ராத்திரி வரைக்கும் பயாஸ்ல (கம்ப்யூட்டர் கிளம்பும்போது வர்ற அமைப்புத் திரை) டிஸ்க்க தேடிட்டு இருந்தேன், அது வேற கதை. ஆக, பேரலல்னு பேர் வச்சதுலதான் தட்டுங்க ஒரே கயித்துல தொங்குச்சு, சீரியல்னு பேர் வச்சதுல தனித்தனியா நிக்குது. "தொடர்"னு போட்டா படிக்கறவருக்கு இது அப்படியே மாறித்தான் புரியும்.

இங்க சீரியல்ங்கறது தட்டுகள் நிக்கற விதம் இல்ல, பிட்டுகள் போற விதம். பழசுல 16 பிட் 16 கம்பியில ஒரே நேரத்துல கிளம்பும், எல்லாம் ஒண்ணா போய்ச் சேரணும், வேகத்த கூட்ட கூட்ட ஒண்ணு முந்தும் ஒண்ணு பிந்தும். கேபிளுக்குள்ள 40 கம்பிய 80 ஆக்கி நடுவுல நடுவுல கிரவுண்ட் வச்சும், நீளத்த 18 அங்குலத்துக்குள்ள அடக்கியும், நொடிக்கு 133 மெகாபைட்டோட மூச்சு வாங்கிருச்சு. 2003 வாக்குல வந்த சாட்டாவுல மொத்தமே 7 கம்பி, போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி, மிச்சம் 3 கிரவுண்ட். பிட்டுகள் ஒண்ணு பின்னால ஒண்ணா போகுது, பிட்டுகளுக்கு தாளம் போடற கடிகாரத்துக்குன்னு தனி கம்பி கிடையாது, வர்ற பிட்டுலேர்ந்தே அந்தப் பக்கம் தாளத்தப் பிடிச்சுக்கும். அதுக்காகத்தான் 8 பிட்ட 10 பிட்டா மாத்தி அனுப்பறாங்க, 1.5 கிகாபிட்னு போட்டிருந்தும் கைக்கு 150 மெகாபைட்தான் வர்றதுக்கு காரணம் அதுதான். இப்ப இருக்கற 6 கிகாபிட்டுக்கும் இதே கணக்குல 600.

அக்கா சொன்ன "வரிசைத் தடம்" எனக்கும் முதல்ல பிடிச்சுது. ஆனா வரிசைய ஏற்கனவே க்யூவுக்கு கொடுத்தாச்சு. சாட்டா தட்டுக்குள்ளயே 32 கட்டளை வரைக்கும் காத்திருக்கற க்யூ ஒண்ணு இருக்கு, ஒரே பக்கத்துல கட்டளை வரிசையும் வரிசைத் தடமும் வந்தா குழம்பிரும்.

என் கட்சி சாரை. எறும்பு சாரையா போகுதுன்னு எல்லாரும் சொல்றதுதானே, ஒத்தத் தடம், ஒண்ணு பின்னால ஒண்ணு, படம் அப்படியே ஒட்டுது. சாரைத்தடம். சாரைப்பாம்புன்னு கிண்டல் வரும்னு தெரியும், வரட்டும், அந்தக் கேபிளும் அப்படித்தான் வளைஞ்சு கிடக்கு.

சாஸுக்கும் (சர்வர் தட்டுகளுக்கான இன்னொரு சீரியல் இணைப்பு முறை) இது கைகொடுக்குது. அங்க 4 லேன (ஒரு லேன்னா போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி) சேர்த்து ஒரே கேபிளா கட்டுவாங்க, அத "நாற்சாரை"ன்னு சொல்லிரலாம். நாலு இருக்கேன்னு அத பேரலல்னு நினைச்சிடக் கூடாது, ஒவ்வொரு லேனும் தன் தாளத்துல தனியாத்தான் போகும், ஒரே நேரத்துல நாலு தட்டோட நாலு பேச்சு நடக்கலாம். எக்ஸ்பாண்டருக்கு "விரிவாக்கி" வேண்டாம், கேபிள் நீளத்த கூட்டற சாமான் மாதிரி தொனிக்குது. கட்டுப்படுத்தியில இருக்கற சில லேன வச்சே நூத்துக்கணக்குல தட்டு சேர்க்க வழி பண்றது அது, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி கேட்டவருக்கு கேட்ட தட்ட இணைச்சு விடும். "கிளைப்பி"ன்னா போதும்னு நினைக்கறேன், இதவிட நல்லது கெடச்சா விட்டுத்தர்றேன்.

பேரலலுக்கு "இணை இணைப்பு" திக்கற மாதிரி இருக்கு. இலங்கை நண்பர் சொன்ன சமாந்தரமே இருக்கட்டும், அங்க பாடப்புத்தகத்துல ஏற்கனவே புழங்கற சொல்தானே.

சாரைத்தடமா, சாரையிணைப்பா? அத மட்டும் சொல்லுங்க, பட்டியல்ல மாத்திடறேன்.