ஜிம்பாப்வே நில வழக்கு ஆவணப்படம் பார்த்தேன், நியாயம் யார் பக்கம்?

சட்டம் படிப்பவன்:
ஜிம்பாப்வேயில் செகுட்டு ஊருக்குப் பக்கத்தில் மவுண்ட் கார்மல் என்றொரு பழப்பண்ணை. உரிமையாளர் மைக் கேம்பல், மருமகன் பென் ஃப்ரீத், இருவரும் வெள்ளையர். பண்ணையை எடுத்துக்கொள்ள வந்த அதிபர் முகாபேயின் அரசை எதிர்த்து அவர்கள் நடத்திய வழக்குதான் 2009-ல் வந்த அந்த ஆவணப்படம். அடிபட்ட அந்தப் பெரியவரின் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த மண் அதற்கு முன்னால் யாரிடம் இருந்தது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கேம்பல் பக்கம் நின்றால் காலனி ஆட்சிக்காரன் பக்கம் நிற்பதாகிவிடுமா? அந்த ஊரைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஹராரேக்காரன்:
தம்பி, நான் 2004 முதல் 2011 வரை தலைநகர் ஹராரேயில் ஒரு புகையிலை வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன். செகுட்டு வழியாகப் புலவாயோவுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

வழக்கைப் பொறுத்தவரை எனக்குக் குழப்பமே இல்லை. கேம்பல் அந்த நிலத்தை 1974-ல் விலை கொடுத்து வாங்கினார். 1999-ல் பத்திரம் மாறியபோது, 'இந்த நிலம் அரசுக்குத் தேவையில்லை' என்று அதே அரசுதான் சான்றிதழும் கொடுத்தது. 2005-ல் அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம் வந்தது. நிலத்தை எடுத்ததை எதிர்த்து உள்ளூர் நீதிமன்றத்துக்கே போக முடியாது என்றாகிவிட்டது. அதனால்தான் அவர்கள் நமீபியாவின் விண்ட்ஹுக்கில் இருந்த தெற்கு ஆப்பிரிக்க வட்டார நாடுகள் சேர்ந்து அமைத்த தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2008 ஜூனில் கேம்பல், அவர் மனைவி, ஃப்ரீத் மூவரையும் கடத்திப்போய் அடித்தார்கள். நவம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது, இது இனப் பாகுபாடுதான் என்று தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த வருடம் பண்ணை வீடு எரிந்தது. அதற்கடுத்த வருடம் தீர்ப்பாயத்தையே முடக்கிவிட்டார்கள்! 2011-ல் கேம்பல் இறந்துபோனார்.

நீ கேட்ட அடுத்த கேள்வியும் நியாயமானதுதான். 1890-ல் அந்த மண்ணைப் பிடிக்க வந்த செசில் ரோட்ஸ் என்ற பிரிட்டிஷ்காரரின் கம்பெனிப் படையோடு வந்த ஒவ்வொருவனுக்கும் 3,000 ஏக்கர் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அது யாருடைய நிலம்? 1930-ல் சட்டம் போட்டு நாட்டில் பாதியை வெள்ளையருக்கென்று ஒதுக்கினார்கள், கறுப்பர்களை மணல் மண்ணுக்குத் தள்ளினார்கள். 1980-ல் விடுதலை வந்த பிறகும் முதல் பத்து ஆண்டுகள் அரசு நிலத்தை விற்கச் சம்மதிப்பவரிடம் மட்டும்தான் வாங்க முடியும் என்று ஒப்பந்தம். அந்தக் கோபம் பொய்யில்லை. 2000-ல் தொடங்கிய வெள்ளையர் பண்ணைப் பறிப்பை அங்குள்ள ஷோனா மொழியில் 'ஹோண்டோ யெமிண்டா', நிலத்துக்கான போர், என்றார்கள்.

ஆனால் எனக்கு ஆறாமல் இருப்பது வேறு. பண்ணைகளில் மூன்று லட்சம் கூலிக்காரர்கள்போல இருந்தார்கள். நிறையப் பேருடைய தகப்பனோ பாட்டனோ மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்கள். குடியிருப்பு பண்ணைக்குள்ளேயே, அதற்குப் பெயர் 'கொம்போனி'. எங்கள் வீட்டில் சமையலுக்கு வந்த அம்மா அப்படி ஒரு கொம்போனியில் பிறந்தவர். அம்புயா என்று கூப்பிடுவோம், பாட்டி என்று அர்த்தம். பண்ணையைப் பிடிக்க வந்தவர்கள் முதலாளியை விரட்டின அன்றைக்கே இவர்கள் வீட்டுத் தகரத்தையும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். 'முதலாளியின் ஆட்கள்' என்று அடி. நிலம் பங்கு போட்டபோது, நீ மலாவிக்காரி, உனக்கு எதற்கு என்றார்களாம். அவர் மலாவியைக் கண்ணால் பார்த்ததில்லை.

சோளக்களி கிண்டிக்கொண்டே இதைச் சொன்னார். அழவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

படத்தை இன்னொரு தடவை பார்த்தால் பண்ணை வேலையாட்கள் வருகிற இடங்களில் நிறுத்திப் பார்.

உழவன் மகன்:
அண்ணா, பறித்ததால் விவசாயமே அழிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது முழு உண்மையா? நிலம் கிடைத்த சிறு விவசாயிகள் இப்போது புகையிலை போடுகிறார்களே?

ஹராரேக்காரன்:
பாதி உண்மை தம்பி. நாட்டின் புகையிலை விளைச்சல் 2000-ல் 23 கோடி கிலோவுக்கு மேல். 2008-ல் 5 கோடிக்கும் கீழே விழுந்தது. அந்த வருடக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவே சகிக்காது. 2023-ல் 29 கோடியைத் தாண்டிவிட்டது, அதில் பெரும்பகுதி சிறு விவசாயிகள் கைப்பட்டது. அவர்களால் முடியாது என்று சொன்னவர்கள் தோற்றார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் 2024 கடைசியில் பத்திரம் தரத் தொடங்கும்வரை அவர்கள் கையில் இருந்தது அரசு கொடுத்த அனுமதிக் கடிதம்தான். அதை வைத்து வங்கியில் கடன் வாங்குவது கஷ்டமாக இருந்தது. விதையும் உரமும் புகையிலைக் கம்பெனி கடனாகத் தருகிறது, விளைந்ததும் அந்தக் கடனைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல பண்ணைகள் பலவும் கட்சிக்காரர்களுக்கும் ராணுவ அதிகாரிகளுக்கும் போனது தனிக் கதை. மவுண்ட் கார்மலைக் கேட்டு வந்தவரே ஒரு முன்னாள் அமைச்சர்தான்.

சட்டம் படிப்பவன்:
நன்றி அண்ணா. அந்த அம்புயாவுக்கு அப்புறமாவது ஏதாவது கிடைத்ததா?

ஹராரேக்காரன்:
நிலம் கிடைக்கவில்லை. 2001-ல் குடியுரிமைச் சட்டத்தை மாற்றியதில் அவரை அயலார் என்று பதிந்துவிட்டார்கள், ஓட்டும் போனது. 2013-ல் புதிய அரசியல் சட்டம் வந்து, இவரைப் போல அங்கேயே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை உண்டு என்றது. ஆனாலும் அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். கடைசியில் புது அடையாள அட்டையைப் படம் எடுத்து அவர் மகன் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். அப்போது ஹராரேயை ஒட்டிய எப்வொர்த்தில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். வாசலில் நாலு வரிசை சோளம் போட்டிருந்தார், அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தான்.