மறு: 'ஒன் ரெப் மேக்ஸ்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பயிற்சியில் ஒருவர் ஒரே ஒரு தடவை மட்டும் முழுதாக எடுக்கக்கூடிய அதிகபட்ச எடைதான் 'ஒன் ரெப் மேக்ஸ்'. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டபோது 'ஒருமுறை மீள்செய்கைப் பெருமம்' நான் முன்வைத்த சொல். இப்போது அதைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் பகுதி ஜிம்முக்குப் பயிற்சி அட்டை தயாரித்தபோது அதையே அச்சடித்திருந்தோம். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அட்டையைக் காட்டி, "அண்ணா, பெருமம் 60ன்னு போட்டிருக்கே, அறுபது தடவை எடுக்கணுமா?" என்று கேட்டான். அது 60 கிலோ. அவன் மேல் தவறே இல்லை. 'மீள்செய்கைப் பெருமம்' என்று படித்தால் யாருக்கும் எண்ணிக்கைதான் மனதில் வரும்.

'மீள்' என்பதும் உறுத்துகிறது. மீள்செய்கை என்றால் மறுபடி செய்வது. இங்கே இரண்டாவது தடவை வராது என்பதுதானே விஷயமே?

சோதனை நடப்பதைப் பார்த்தால் சொல் தானாகத் தெளிவாகும். பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பென்ச் பிரஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். 20 கிலோ வெறும் கம்பியில் உடம்பைச் சூடேற்றி, 40, 55, 65 என்று ஏற்றுகிறார்கள். எடை கூடக் கூட, இடையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை ஓய்வு. பயிற்சி செய்பவர் 70ஐ முழுதாக மேலே தள்ளிவிடுகிறார். 72.5ல் கம்பி பாதி உயரத்தில் நின்று நடுங்குகிறது, ஸ்பாட் கொடுப்பவர், அதாவது பாதுகாப்புக்காக அருகில் நிற்பவர், பிடித்துக்கொள்கிறார். சரி, அவருடைய அளவு 70. நாம் பெயர் வைக்க வேண்டியது இந்த 70 கிலோவுக்கு. அது ஒரு பளு. ஆகவே சொல்லும் பளுவில் முடிய வேண்டும்: ஒருமுறை உச்சப்பளு.

இங்கே வந்த இன்னொரு யோசனையான 'ஒருதூக்குப் பெருமம்' சுருக்கமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பென்ச் பிரஸ்ஸில் தள்ளுகிறோம், லாட் புல்டவுனில் இழுக்கிறோம். 'முறை' என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஊர் இளைஞர்கள் பலத்தைக் காட்டத் தூக்கும் இளவட்டக்கல்லை ஒட்டிப் பெயர் வைக்கலாம் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் ஏற்க முடியவில்லை. கல்லின் எடை மாறாது. ஆள் தூக்கினானா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. இங்கே ஆள் மாறுவதில்லை, எடைதான் ஏறிக்கொண்டே போகிறது.

அப்புறம், இந்தச் சொல் தனியாக நிற்கப் போவதில்லை. 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட வீரர்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தபோதே ஒரு தடவைக்கான உச்சத்தையும் பத்துத் தடவைக்கான உச்சத்தையும் தனித்தனியாகப் பயன்படுத்தினார். நமக்கும் ஐந்துமுறை உச்சப்பளு, பத்துமுறை உச்சப்பளு என்று எளிதாக நீட்ட முடிகிறது.

நேரடியாகச் சோதிக்காமல் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பதும் உண்டு. 60 கிலோவை ஐந்து முறைக்கு மேல் எடுக்க முடியவில்லை என்றால், எப்லி சூத்திரப்படி 60 × (1 + 5/30) = 70. பிரிசிக்கி சூத்திரமோ 67.5 என்கிறது. இரண்டுமே மதிப்பீடுதான். இதைக் 'கணித்த உச்சப்பளு' என்றும், மேடையில் எடுத்துக் காட்டியதைச் 'சோதித்த உச்சப்பளு' என்றும் பிரித்தே எழுத வேண்டும். புதியவர் ஒருவர் கணித்த எண்ணை நம்பி, ஸ்பாட் இல்லாமல் நேராக 70ஐ ஏற்றிவிடக் கூடாது.

அட்டை அடுத்த வாரம் மறு அச்சுக்குப் போகிறது. 'பென்ச் பிரஸ் – ஒருமுறை உச்சப்பளு: ___ கிலோ' என்று போட எண்ணம். 'கிலோ'வையும் சேர்த்தே அச்சடிக்கப் போகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.