வண்டி நிக்கிற இடத்துக்கே போய் ரிப்பேர்: மலையில சரிப்படுமா?

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டியில ஒரு கார் ஷோரூம் சர்வீஸ்ல ஒன்பது வருஷமா மெக்கானிக்கா இருக்கேன். அடுத்த மாசம் வேலையை விட்டுட்டு, பழைய ஆம்னி ஒண்ணுல டூல்ஸ் ஏத்திக்கிட்டு, வண்டி நிக்கிற இடத்துக்கே போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்.

போன வாரம் லீவு நாள்ல ஊட்டியிலிருந்து மசினகுடி போற கல்லட்டி மலைப்பாதை இறக்கத்துக்கு ஒருத்தர் கூப்பிட்டார். உள்ளூர்க்காரர்தான், ஆனா 36 கொண்டை ஊசி வளைவையும் செகண்ட் கியர் போடாம பிரேக்லயே இறங்கப் பாத்திருக்கார். பிரேக் டிஸ்க் சூட்டுல நீலம் பாஞ்சிருந்தது, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுது. ஈரம் ஏறின டாட் 3 பிரேக் ஆயில் 140 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும். ஆறவிட்டு, ஆயில் மாத்தி, பிரேக் லைன்ல இருந்த ஏரை எடுத்துக் கொடுத்தேன். அப்பதான் துணிச்சல் வந்தது.

இப்ப சந்தேகம். கோத்தகிரி, மஞ்சூர்னு போனா விசிட் சார்ஜ் கிலோமீட்டருக்கா, நேரத்துக்கா? எல்லா கம்பெனி வண்டிக்கும் ஒத்துவர்ற, கோளாறைக் காட்டுற ஸ்கேனர், செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா? கழிவு ஆயிலை இங்க முறையா யார் எடுக்கிறாங்க? சோலையோரம் ஊத்த மனசு வராது.

ஷோரூம் கஸ்டமர் நம்பரை எடுத்துட்டு வந்துருன்னு கூட்டாளிங்க சொல்றாங்க. எனக்கு அது சரியாப் படல. அது இல்லாம முதல் பத்து வண்டி எப்படிப் பிடிச்சீங்க? அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்க.