குரலை வைத்தே பிடித்துவிட்டார்: வானொலியில் பொருளாதாரச் செய்தி எழுதி வாசித்தவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தைத் தம்பி

2022 ஜூன், இலங்கையில் டாலர் இல்லாமல் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்த காலம். கொழும்பில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மே 24இலேயே பெற்றோல் 420 ரூபாய். விலையை யார் பார்த்தார்கள், பெற்றோல் இருந்தால்தானே! "நாளை எரிபொருள் கப்பல் வருகிறது" என்று மாலைச் செய்தியில் வாசித்தேன். மேலிடத்தில் சொன்னதைத்தான் வாசித்தேன்.

மறுநாள் காலை ரெக்கோடரோடு காலி வீதியில் ஒரு பெற்றோல் செட்டுக்குப் போனேன். ஓர் ஓட்டோக்காரர், வரிசை நகரும்போதெல்லாம் எஞ்சினைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். புறங்கையில் பேனையால் 147 என்று எழுதியிருந்தது. மைக்கை நீட்டி, "எத்தனை மணிக்கு வந்தீங்க ஐயா?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, "இன்னொருக்காக் கதையுங்கோ தம்பி" என்றார். கதைத்தேன்.

"நீங்கதானே நேற்றுச் செய்தி வாசிச்சது? அதைக் கேட்டுத்தான் இரவே வந்து நிக்கிறன்."

ஏசவில்லை. போத்தலில் இருந்த பிளேன் டீயை மூடியில் ஊற்றி நீட்டினார். கப்பல் அன்று வரவில்லை.

யாழ் சந்தை

தம்பி, உங்களுக்கு டீயாவது கிடைத்தது. பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், அடுத்த செப்டெம்பரில் 1.3. அதுவும் கொழும்பு விலைகளை வைத்துப் போட்ட கணக்கு, யாழ்ப்பாணத்தில் வாசிக்கிறோம். நான் எழுதியது "பணவீக்கம் குறைந்தது". தலைப்புச் செய்தியில் யாரோ அதை "விலைகள் குறைந்தன" என்று சுருக்கிவிட்டார்கள். ஏறின விலை ஏறினபடி நிற்கிறது, ஏறுகிற வேகம்தான் குறைந்தது என்பதெல்லாம் அந்தச் சுருக்கத்தில் போய்விட்டது.

அடுத்த நாள் திருநெல்வேலிச் சந்தையில், தராசில் போட்ட பச்சைமிளகாயை ஆச்சி ஒருத்தி ஒரு பிடி அள்ளித் திரும்பக் கூடைக்குள் போட்டார். "விலை குறைஞ்சதெண்டு றேடியோ சொல்லுதாம். அப்ப நீ றேடியோவிட்டயே வாங்கு பிள்ளை."

மயிலாப்பூர் மைக்

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், "மேலிடத்தில் சொன்னதை வாசித்தேன்" என்பது சாக்கு. கப்பல் வருவது வேறு, எண்ணெய் இறங்குவது வேறு. டாலர் கட்ட முடியாமல் கொழும்புக்கு வெளியே கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றது சென்னையில் இருந்த எங்களுக்கே தெரியும். வெளிநாட்டுக் கடனைக் கட்டப்போவதில்லை என்று ஏப்ரல் 12ஆம் தேதியே அரசாங்கம் அறிவித்துவிட்டது. அப்புறம் எவன் கடனுக்கு இறக்குவான்? "எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) திறந்தாச்சா, பணம் போயாச்சா?" என்று கேட்டிருக்க வேண்டும். பதில் வராவிட்டால் "அமைச்சர் சொல்கிறார்" என்பதை வாக்கியத்தின் தலையில் வையுங்கள். வாலில் வைத்தால் காதில் ஏறாது. பேப்பர் படிப்பவர் திரும்ப ஒருமுறை படிப்பார், நம் நேயருக்கு அந்த வசதி இல்லை. அப்புறம் அந்தச் சகோதரிக்கு: 69.8 எதற்கு? "கிட்டத்தட்ட எழுபது" போதும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு எண். தலைப்புச் செய்தியை நீங்களே எழுதிக் கொடுங்கள், அடுத்தவர் கையில் விடாதீர்கள்.

என் கதை சின்னது. 2012 மின்வெட்டு. சென்னைக்கு 2 மணி நேரம்தான், கோவைக்கு அதைப்போலப் பல மடங்கு. அங்கே ஒரு லேத் பட்டறையில் பேட்டி எடுக்கும்போது கரண்ட் போய்விட்டது. சத்தமே இல்லை. முதலாளியும் பேச்சை நிறுத்திவிட்டார். "சொல்லுங்க" என்றேன். "இதைத்தானுங்க சொல்ல வந்தேன். பதிவாயிருச்சுங்களா?" என்றார்.

யாழ் சந்தை

அண்ணா, கதை ஒரு பிடி, புத்திமதி ஒரு மூட்டை. தலைப்பு எழுதுகிறவர் எனக்கு மேலதிகாரி, எப்படிப் பறிக்கிறது?

வெள்ளவத்தைத் தம்பி

எல்.சி. பற்றிக் கேட்கத்தான் போன் எடுத்தேன் அண்ணா. மறுமுனையில் யாரும் தூக்கவில்லை, செய்திக்கு ஆறு நிமிடம் இருந்தது. சரி, சாக்குத்தான். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் வாங்கும் முறை வந்து ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர் என்று வாசித்த அன்று, "அமைச்சு சொல்கிறது" என்பதை நீங்கள் சொல்லாமலே முதலில் வைத்தேன். பேட்டி எடுக்க வேறு செட்டுக்குப் போனேன்.