வெனிஸில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்: எந்த மாடி என்று கேட்டீர்களா?

அம்மாவின் 70ஆம் பிறந்தநாளுக்காக வெனிஸ் போய் நான்கு இரவு தங்கிவிட்டு வந்தோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அதனால்தான் விலை அதிகம் என்று தெரிந்தும் ஐந்து நட்சத்திர ஹோட்டலாகப் பார்த்துப் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம். அவர்கள் எதையும் மறைக்கவில்லை, நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

"சான் மார்கோ சதுக்கத்துக்கு ஐந்து நிமிட நடை" என்று போட்டிருந்தது. அது உண்மைதான். ஆனால் கார், பஸ் எல்லாம் ஊர் நுழைவில் இருக்கும் பியாட்ஸாலே ரோமா சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு படகு, இல்லையென்றால் நடை. வபொரெட்டோ என்கிற பொதுப் படகிலிருந்து இறங்கி ஹோட்டல் வாசலுக்குப் போவதற்குள் மூன்று பாலங்கள். ஊர் முழுக்க 400க்கும் மேல் பாலங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் படி ஏறி இறங்க வேண்டியவை. ஒரு கையில் பெட்டி, மறு கையில் அம்மா. அன்று மாலை எங்கேயும் வரவில்லை என்று அம்மா படுத்துவிட்டார்.

அப்புறம் அறை. படத்தில் பார்த்தது உயரமான கூரையும் முரானோ கண்ணாடிச் சரவிளக்கும். எங்களுக்குக் கிடைத்தது ஓட்டுக் கூரைக்கு அடியில், உத்தரம் சாய்ந்து வரும் ஓர் அறை. லிஃப்ட் ஒரு மாடி கீழேயே நின்றுவிட்டது. மீதிக்குப் படிதான்.

மறுநாள் காலை ரிசப்ஷனில் இருந்த ஒரு பெரியம்மா பொறுமையாக விளக்கினார். இந்தப் பதிவை எழுதுவதே அதைச் சொல்லத்தான். எங்கள் ஹோட்டலைப் போல இங்கே ஹோட்டலாகியிருக்கும் பழைய மாளிகைகள் ஒரு காலத்தில் வணிகக் குடும்பங்களின் வீடுகள். தரைத்தளம் சரக்கு இறக்கும் இடம், கால்வாய்ப் பக்கம் தண்ணீர் வாசல். அதற்கு மேல் கூரை தாழ்ந்த இடைத்தளம், கணக்கு வழக்கு பார்க்க. அதற்கும் மேலேதான் குடும்பம் வாழ்ந்து விருந்து கொடுத்த தளம், பியானோ நோபிலே என்பார்கள். உச்சியில் வேலையாட்கள். வீடு ஹோட்டலாக மாறினாலும் இந்த அமைப்பு மாறவில்லை. பழைய கட்டடம் என்பதால் நினைத்தபடி இடித்துக் கட்டவும் முடியாது. விளம்பரப் படங்கள் பியானோ நோபிலேயில் எடுத்தவை, நான் வாங்கியிருந்தது வேலையாட்களின் மாடி. நட்சத்திரம் ஹோட்டலுக்குத்தான் கொடுக்கிறார்கள், அறைக்கு அல்ல.

மூன்றாம் நாள் கூடுதல் பணம் கட்டிக் கீழே மாறினோம். ஜன்னலைத் திறந்தால் ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாய் (கிராண்ட் கெனால்). அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காய்கறிப் படகு, சலவைத் துணி மூட்டைகளோடு ஒரு படகு, குப்பைப் படகு, சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் படகு. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஒரு காலைக்காகவே முதல் நாளிலிருந்து அந்த அறையை எடுத்திருக்கலாம் என்று இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது.

மறுமொழி:

தோழி, நாங்கள் மாமனார் மாமியாரோடு போனபோது இதற்குப் பயந்தே ஜூதெக்கா தீவில் தங்கினோம். மொலினோ ஸ்டக்கி என்று ஒரு பெரிய செங்கல் கட்டடம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாவு ஆலையாகக் கட்டியது, 2007இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். ஆலை என்பதால் மாளிகையின் நெருக்கடி இல்லை, நடைபாதைகள் அகலம், லிஃப்டுகளும் பெரியவை. சான் மார்கோவுக்குப் படகில் போக வேண்டும் என்பது குறைதான். ஆனால் இரவு திரும்பும்போது எதிர்க்கரை முழுக்க விளக்கோடு தெரியுமே, அது அந்தக் கரையில் தங்குகிறவர்களுக்குக் கிடைக்காது. அதே தீவின் மறு முனையில், 1958இல் தொடங்கிய சிப்ரியானி ஹோட்டல் இருக்கிறது. தோட்டம், பெரிய நீச்சல் குளம் எல்லாம் உண்டு. எங்கள் கைக்கு எட்டவில்லை.

மறுமொழி:

எந்த மாடி என்பதோடு எந்தக் கட்டடம் என்றும் கேளுங்கள். டானியேலி ஹோட்டலை எடுத்துக்கொண்டால், மூலக் கட்டடம் 14ஆம் நூற்றாண்டின் தாண்டோலோ மாளிகை. 1822இல் அதை விடுதியாக்கினார்கள். ஆனால் 1948இல் எழுந்த புதுக் கட்டடமும் அதே ஹோட்டல்தான். பழைய மாளிகையை நினைத்துப் போகிறவர் எதில் தூங்குவார் என்பது பதிவு செய்யும்போதே முடிவாகிவிடும்.

மாதத்தையும் பாருங்கள். நான் போனது நவம்பர். கடல் முகத்துவாரத்தில் மோசே தடுப்புகள் 2020 அக்டோபரிலிருந்து வேலை செய்கின்றன, 2019இல் கடல்மட்டக் குறிக்கு மேல் 187 செ.மீ. வந்தது போன்ற வெள்ளத்தை ஊருக்குள் விடாமல் தடுக்கத்தான் அவை. ஆனால் பொதுவாக 110 செ.மீ. அளவுக்கு நீர் வரும் என்று கணித்தால்தான் தடுப்பை உயர்த்துகிறார்கள். சான் மார்கோ தாழ்ந்த பகுதி, அதற்குக் குறைவான நீரிலேயே நனைந்துவிடும். அப்படி நீர் வந்த ஒரு காலை ஹோட்டலில் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். சதுக்கத்தில் போட்டிருந்த பலகை மேடைமேல் வரிசையாக நடந்து போனோம். எனக்கு அது பிடித்திருந்தது, முழங்கால் வலி உள்ளவருக்குக் கஷ்டம்.

மறுமொழி:

அடுத்த மே மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறேன் அக்கா. பெருங்கால்வாய் பார்த்த அறைக்கு அவ்வளவு கொடுக்கலாமா? "கால்வாய்ப் பார்வை" என்று பாதி விலையில் ஒன்று இருக்கிறதே?

பதிவிட்டவர்:

தம்பி, வெறும் "கால்வாய்ப் பார்வை" என்றால் பெரும்பாலும் பக்கத்துச் சிறு கால்வாய்தான். எதிர் வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம். அமைதியாக இருக்கும் என்பது உண்மை. பெருங்கால்வாய்ப் பக்கம் விடிவதற்கு முன்பே சரக்குப் படகுச் சத்தம் தொடங்கிவிடும். நாள் முழுக்கச் சுற்றப் போகிறீர்கள் என்றால் சிறு கால்வாய் போதும். அப்பா அம்மா பாதி நாள் அறையில் இருப்பார்கள் என்றால், ஓர் இரவைக் குறைத்துக்கொண்டாவது பெருங்கால்வாய் அறையை எடுங்கள்.

இன்னொன்று. ஹோட்டலுக்குச் சொந்தத் தண்ணீர் வாசல் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளம்பும் நாளில் வாட்டர் டாக்ஸி அங்கேயே வந்தது, விமான நிலையப் படகுத்துறை வரை ஒரு பாலம்கூட ஏறவில்லை. நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் படகுக்கும் வாசல் படிக்கும் இடையே உயர வித்தியாசம் அதிகமாக இருக்கும். அதனால் முந்தின இரவே ரிசப்ஷனில் நீர்மட்டம் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்தார்கள். அம்மா யார் கையையும் பிடிக்காமல் படகில் காலை வைத்தார்.