ஸ்கூட்டியில் பின்னால் வருகிற மனிதருக்கு என்ன செய்வது?

விடியல்_ஓட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் சென்னை மாரத்தான், முதல் முறையாக முழு 42.2 கிலோமீட்டர். வயது 43. பயிற்சி பற்றிய கேள்வி இல்லை, வீட்டுக்காரரைப் பற்றி.

செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் 3.45-க்கு திருவான்மியூரில் கிளம்பி ஈசிஆரில் தெற்கே போகிறேன். இருட்டு, தெருநாய், தனியாக ஒரு பெண், விளக்க வேண்டியதில்லை. முதல் வாரமே அவர் ஒன்றும் பேசாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்கூட்டியில் பத்தடி பின்னால், ஹெட்லைட் என் காலடியில். சீட்டுக்கு அடியில் தண்ணீர், உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ், பேரீச்சம்பழம், நாய்களுக்குப் பொறை. இப்போது நீலாங்கரையில் நாலு நாய்கள் அவருக்காகவே காத்திருக்கின்றன!

போன ஞாயிறு 30 கிலோமீட்டர், என் வேகத்துக்கு மூன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்த ஆமை வேகத்தில் வண்டியை உருட்டிப் பாருங்கள், இடுப்பு கழன்றுவிடும். 24-ல் முடியாமல் நடைபாதையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து, கால் வீங்கி ஷூ இறுக்குகிறது என்று லேஸை அவிழ்த்துத் தளர்வாகக் கட்டிவிட்டார். "போதும் வா" என்றும் சொல்லவில்லை, "ஓடு" என்றும் சொல்லவில்லை.

மெடல் எனக்குத்தான் வரும். அவருக்கு ஏதாவது செய்யணும். வாட்ச் வாங்கிக் கொடுத்தால் "இதெல்லாம் எதுக்கு" என்று பீரோவில் வைத்துவிடுவார். என்ன செய்யலாம்?

கால்_கறுப்புநகம்:
என் முதல் மெடலை மனைவி கழுத்தில் போட்டுப் போட்டோ எடுத்தேன், கூச்சத்தில் கோபமே வந்துவிட்டது அவளுக்கு. அதை விடுங்க அக்கா. பந்தயத்தன்று ரோட்டில் ஸ்கூட்டியை விடமாட்டார்கள், அவரை ஸ்டார்ட்டிங்கில் நிற்க வைக்காதீர்கள், அங்கே எல்லோருக்கும் தெம்பு இருக்கும். 30 கிலோமீட்டருக்கு மேல் உடம்பு சேமித்து வைத்திருக்கிற சர்க்கரை (கிளைகோஜன்) தீர்ந்து கால் கல்லாகிவிடும். 32, 33 பக்கம் நிற்கச் சொல்லுங்கள். அந்த முகத்தைப் பார்க்கவே நாலு கிலோமீட்டர் ஓடலாம்.

ஞாயிறு_தூக்கம்:
நான் ஓடுகிறவள் இல்லை, ஓடுகிறவரின் மனைவி, எட்டு வருஷமாக. கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி எங்கேயும் போக முடியாது, ஒன்பது மணிக்கு லைட் ஆஃப். ஞாயிறு மதியம் அவர் குறட்டை. அவர் ஃபேஸ்புக்கில் "என் பலமே என் மனைவிதான்" என்று எழுதி லைக் குவிந்த அன்றைக்கும், வியர்வையில் ஊறிய சாக்ஸ் பக்கெட் விளிம்பில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, யார் எடுத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

அவர் ஞாயிறு காலையில் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார், உங்களுக்கு நினைவிருக்கிறதா? அதைத் திருப்பிக் கொடுங்கள். பந்தயம் வரை காத்திருக்கவும் வேண்டாம். கடைசி மூன்று வாரம் எப்படியும் ஓட்டத்தைக் குறைக்கணும் இல்லையா?

பழைய_ஷூ:
தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகி ஒன்று. பெண்களுக்கு இடமில்லாத 1967 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் பிடித்து இழுத்த அதிகாரியை அவள் காதலன் இடித்துத் தள்ளுகிற போட்டோவை எல்லோரும் பகிர்கிறோம். அதற்கப்புறம் ஓடிக்கொண்டே அவன் இவளிடம்தான் சண்டை போட்டான், "உன்னால் என் விளையாட்டு வாழ்க்கை போச்சு" என்கிற ரீதியில். கல்யாணமும் ஆச்சு, நிலைக்கவில்லை. ஒரு நாள் வீரத்தைவிட மூன்று மாசம் பொறை பாக்கெட் வாங்குகிறவர் மேல். என் கருத்து, அவ்வளவுதான்.

விடியல்_ஓட்டம்:
ஞாயிறு_தூக்கம், உங்கள் கேள்வி சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தேன், காசிமேடு! கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு விடியற்காலை மீன் வாங்கக் காசிமேடு போகிற ஆள், செப்டம்பரிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. நானும் கவனிக்கவில்லை, தெருமுனை மீனைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இந்த வார ஓட்டத்தைச் சனிக்கு மாற்றிவிட்டு நேற்று இரண்டு பேரும் போனோம். "நீ வந்தா பேரம் பேச விடமாட்டே" என்றுதான் கூட்டிப் போனார். வஞ்சிரம் சொன்ன விலைக்கு எங்களால் முடியவில்லை, சங்கராவும் கொஞ்சம் இறாலும். மனுஷன் ஒவ்வொரு கூடைக்கும் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்து, வேண்டாம் என்று நகர்ந்து, மறுபடி முதல் கூடைக்கே வந்து... ஒன்றரை மணி நேரம். நான் பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால்.