பேச்சு போன மனுஷன் வலை பொத்தினது சிந்தனையா, கைப்பழக்கமா?

முட்டம் அலை:
நேத்து வேற ஒரு இழையில தக்கலைக்காரன் எழுதினதை அப்படியே இங்க ஒட்டுகேன்: “மொழி இல்லாமல் சிந்தனை இல்லை. கணினி மொழியைக் கற்றுவிட்டது. ஆகவே கணினி சிந்திக்கிறது. இதை ஏற்காதவர்கள் இன்னும் கட்டுமரக் காலத்திலேயே இருக்கிறார்கள்.”

யாரைத் தம்பி கட்டுமரக் காலம்னு சொல்லுற? எங்க அப்பா கட்டுமரத்துல போய்த்தான் எங்களப் படிக்க வச்சாரு. அதுக்குப் பிறகு வருகேன். முதல் வரியே தப்பு. எங்க பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு முழுசா போச்சு. நாம பேசுறதும் அவருக்குப் புரியாது. “தண்ணி வேணுமா”ன்னு கேட்டா முகத்தைப் பாத்துட்டே இருப்பாரு, செம்பைக் காட்டினாத்தான் கை நீட்டுவாரு. அப்படிப்பட்ட ஆளு மணல்ல உக்காந்து, சூரை மீன் பாஞ்சு கிழிச்ச வலையைப் பொத்துனாரு. மொழி இல்ல, சிந்தனை இருந்துச்சு. பதில் சொல்லு.

தக்கலைக்காரன்:
அண்ணே, பெரியப்பா மேல மரியாதை இருக்கு. ஆனா ஆயுசு பூரா செஞ்ச வேலை கைக்கே தெரியும். அது கைப்பழக்கம். சைக்கிள் ஓட்டுறவன் ஒவ்வொரு மிதிக்கும் யோசிக்கிறானா?

நான் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல இந்த வேலைதான் பாக்கேன். 2017ல எட்டு பேர் எழுதுன கட்டுரையில டிரான்ஸ்ஃபார்மர்னு ஒரு அமைப்பு வந்துச்சு. 2020ல வந்த ஜிபிடி-3ங்கிற மொழி மாடலுக்குள்ள 17,500 கோடி எண்கள். அதுக்குக் கொடுத்த பயிற்சி ஒண்ணே ஒண்ணுதான்: அடுத்து என்ன சொல் வரும்னு கணி. அந்த ஒரு பயிற்சியில இருந்தே மொழிபெயர்ப்பும் சுருக்கி எழுதுறதும் கேள்விக்குப் பதிலும் வந்துச்சு. இதை நேர்ல பாத்துட்டும் சிந்தனை இல்லைன்னு சொன்னா அது பிடிவாதம்.

முட்டம் அலை:
கைப்பழக்கம்னு ஒரு வார்த்தையை எறிஞ்சிட்டா முடிஞ்சுதா? நீ வலை பொத்துறதைப் பாத்திருக்கியா? கிழிசல்ல ஊசியை விட்டு நேரா பின்னிட்டுப் போக முடியாது. முதல்ல கத்தியை எடுத்து வெட்டணும். முடிச்சுல இருந்து போற நூலைக் கால்னு சொல்லுவோம். கிழிஞ்ச இடத்தைச் சுத்தி எந்த முடிச்சுல எந்தக் காலை வெட்டணும், எதை விடணும்னு பாக்கணும். தொடங்குற முடிச்சுலயும் முடிக்கிற முடிச்சுலயும் மட்டும் மூணு கால் நிக்கணும். நடுவுல எங்கயாவது கூட ஒரு மூணு கால் நின்னுட்டா நூல் சுத்தி வந்து சேராது, எல்லாத்தையும் அவுக்கணும். ரெண்டு கிழிசல் ஒண்ணு போல வராது. பாறையில மாட்டினது ஒரு மாதிரி, மீன் கிழிச்சது ஒரு மாதிரி.

பெரியப்பா வலையை விரிச்சுப் போட்டு வெகுநேரம் பாத்துட்டு இருந்தாரு. அதுக்குப் பிறகுதான் கத்தியை எடுத்தாரு. அந்த நேரத்துல அவரு என்ன செஞ்சிட்டு இருந்தாரு? அதைச் சொல்லு.

நாஞ்சில் தமிழாசிரியர்:
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். “எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே” என்பது தொல்காப்பியம். பொருளோடு நிற்பதுதான் சொல். சொல் தொடராத அறிவு உலகில் இல்லை என்று வடமொழி இலக்கண அறிஞர் பர்த்ருஹரியும் சொன்னார். ஆகவே தம்பியின் முதல் வரி சரி. ஆனால் அவருடைய எந்திரத்திடம் இருப்பது சொல்லே அன்று, வெறும் எண். கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘கி’ என்ற ஓர் எழுத்துக்கு ஆறு பைட் ஆகிறது; ‘க’வுக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று. அதையும் துண்டு துண்டாக்கி எண்ணாக மாற்றித்தான் உள்ளே அனுப்புகிறார்கள். எண்ணுக்கு அடுத்த எண்ணைச் சொல்வது மொழியறிவு ஆகாது.

விளவங்கோட்டுக்காரன்:
சாரே, தொல்காப்பியத்தை எடுத்தது நல்ல காரியம். அந்த நூலைக் கேட்டுச் சரி சொன்ன ஆசான் எங்க அதங்கோட்டுக்காரர்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நாஞ்சில் தமிழாசிரியர்:
தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம் ‘அதங்கோட்டு ஆசான்’ என்கிறது. அரங்கேறியது பாண்டியன் அவையில். அந்த ஊர் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று பாயிரம் சொல்லவில்லை.

விளவங்கோட்டுக்காரன்:
அதானே பாத்தேன். குழித்துறை ஆறு தாண்டினா உங்களுக்கு எல்லாமே சந்தேகம். 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூட்டுல விழுந்தது எங்க ஆளுங்க. அந்தப் போராட்டம் இல்லாம 1956 நவம்பர் 1ல இந்த மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்திருக்காது. அன்னைக்கு உயிரைக் கொடுக்க நாங்க வேணும், தொல்காப்பியத்துல பங்கு கேட்டா மட்டும் ஆதாரம் வேணும், இல்லியா?

முட்டம் அலை:
அதங்கோட்டை அப்புறம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. தக்கலைக்காரன் இன்னும் பதில் சொல்லல. கத்தியை எடுக்கிறதுக்கு முன்ன அந்த மனுஷன் என்ன செஞ்சாரு?

நாகர்கோவில் நிலா:
நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். பக்கவாதத்துல பேச்சை இழந்தவங்களோடதான் என் பகல் பொழுது முழுக்க. மூளையில மொழிப் பகுதி மோசமா சேதமான சிலர் வாக்கியத்தைப் புரிஞ்சுக்க முடியாத நிலையிலயும் கணக்குப் போடுறாங்கன்னு ரோஸ்மேரி வார்லி குழு 2005ல காட்டிட்டாங்க. ஃபெடரென்கோ, பியன்டடோசி, கிப்சன் மூணு பேரும் 2024ல நேச்சர் இதழ்ல எழுதினதும் இதுதான்: மொழி முதன்மையா ஒருத்தருக்கொருத்தர் தெரிவிக்கிற கருவி, சிந்தனைக்கான கருவி இல்ல.

அதனால முதல் வரி நிக்காது, தக்கலை அண்ணனுக்கும் நிக்காது, ஆசிரியர் ஐயாவுக்கும் நிக்காது. ஆனா முட்டம் அண்ணே, உங்க பெரியப்பாவை நான் பாக்கல. அவருக்கு எவ்வளவு புரிஞ்சுது, எவ்வளவு புரியலன்னு சோதிக்காம அவரைச் சாட்சியா வைக்க எனக்கு மனசு வரல.

முட்டம் அலை:
கேட்டீங்களா? நேச்சர் இதழே சொல்லிட்டு. மொழி இல்லாமலும் சிந்தனை உண்டு. முதல் வரி போச்சு. தங்கச்சிக்கு நன்றி.

நாகர்கோவில் நிலா:
நான் எழுதினதுல கடைசி ரெண்டு வரியை நீங்க படிக்கல அண்ணே.

தக்கலைக்காரன்:
சரி, மொழி வேற சிந்தனை வேறன்னே வச்சுக்கிடுவோம். அப்பவும் எந்திரம் சிந்திக்குது. ஒத்தெல்லோன்னு ஒரு பலகை விளையாட்டு இருக்கு, 64 கட்டம். காய் வச்ச வரிசையை மட்டும், வெறும் குறியீடா, ஒரு மாடலுக்குக் கொடுத்தாங்க. பலகைன்னு ஒண்ணு இருக்குன்னு யாரும் அதுக்குச் சொல்லல. பிறகு உள்ள திறந்து பாத்தா, எந்தக் கட்டத்துல எந்தக் காய் இருக்குங்கிற நிலவரம் அதுக்குள்ள உருவாயிருந்துச்சு. அதை உள்ளேயே மாத்தி விட்டா, அடுத்த நகர்வும் அதுக்கேத்த மாதிரி மாறிச்சு. குறியீட்டுக்குப் பின்னால இருக்கிற உலகத்தை அதுவே கண்டுபிடிச்சிருக்கு. இதுக்கு ஆசிரியர் ஐயா என்ன சொல்லுவாரு?

முட்டம் அலை:
முதல்ல மொழி இல்லாம சிந்தனை இல்லைன்ன. இப்ப மொழியே வேண்டாம், ஆனாலும் எந்திரம் சிந்திக்குதுங்க. வழி இடிஞ்ச பிறகும் போய்ச் சேர்ற இடம் மட்டும் மாறல. அது எப்படி?

உன் பலகையில 64 கட்டம். ஒவ்வொரு நகர்வையும் எழுதி வச்சிருக்கான். கடல்ல எவன் எழுதி வச்சான்? எங்க ஆளுங்க கணியம் பாத்து மீன் பிடிச்சவங்க. கரையில ஒரு மலையும் ஒரு கோவில் கோபுரமும் ஒரே நேர்ல வரணும். இன்னொரு பக்கம் வேற ரெண்டு அடையாளம் நேர்ல வரணும். ரெண்டு நேரும் வெட்டுற இடத்துல கீழ பார், அதாவது கடலடிப் பாறை இருக்கும், பார்ல மீன் இருக்கும். அப்பன் மகனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிக் கொடுத்தது. அடுத்த வள்ளத்துக்காரனுக்குக்கூட வாயைத் திறக்க மாட்டாங்க. கச்சான் காத்து அடிக்கையில அந்தப் பார்ல நீரோட்டம் எப்படி இருக்கும்னு உடம்புக்குத் தெரியும். இதுல ஒரு வரிகூட எழுத்துல ஏறல. எழுதினவன் எழுதினதைத்தான் உன் மாடல் தின்னுது. எழுதாதவன் யோசிச்சதெல்லாம் உனக்குச் சிந்தனைக் கணக்குலயே வராது. அதனாலதான் எங்க பெரியப்பா உனக்குக் கைப்பழக்கமாத் தெரியுறாரு, உன் எந்திரம் சிந்தனையாளரா ஆயிடுது. எனக்கு எரியுறது அந்த இடத்துலதான்.

ஒரு நாள் அந்த மாதிரி எந்திரம் ஒண்ணுகிட்டயே கேட்டேன், சூரை வலை கிழிஞ்சா மூணு கால் எங்க விடணும்னு. பேச்சு சுத்தமா இருந்துச்சு. எல்லாக் காலையும் ஒட்ட வெட்டச் சொல்லிச்சு. அப்படி வெட்டினா எந்த முடிச்சுல நூலைத் தொடங்குவ?

தக்கலைக்காரன்:
தெரியாததை ஒரு தடவை தப்பாச் சொன்னா சிந்தனையே இல்லைன்னு ஆயிடுமா? தப்பாச் சொல்லுற மனுஷன் எத்தனை பேரு! ஓகி புயல் இழையிலயும் நீங்க இதேதான் செஞ்சீங்க. கணினி மாடல் எதுக்கும் உதவாதுன்னு எழுதினீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

முட்டம் அலை:
ஓகியை எடுத்துட்டியா? சரி, பேசுவோம். 2017 நவம்பர் 29ல காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 30 காலையில புயல், அதுவும் நம்ம குமரிக் கடல்ல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆளுங்க அதுக்குப் பல நாள் முன்னயே ஆழ்கடலுக்குப் போயாச்சு. அவங்க கையில அந்த எச்சரிக்கை கிடைக்க வழியே இல்ல. நான் அன்னைக்கு எழுதினது, மாடல் திரையில ஓடுறதும் கடல்ல இருக்கிறவன் உயிரும் வேற வேறன்னு. அதை நீ “எதுக்கும் உதவாது”ன்னு திரிச்ச. இன்னைக்கும் திரிக்க.

தக்கலைக்காரன்:
செய்தி போய்ச் சேராதது மாடலோட குறை இல்லையே. அதுவும் இதுவும் ஒண்ணா?

இரணியல்காரன்:
1966லயே அமெரிக்காவோட எம்ஐடியில வைசன்பாம்னு ஒருத்தர் எலிசான்னு ஒரு நிரல் எழுதினாரு. நாம சொன்ன வாக்கியத்தையே கேள்வியாத் திருப்பிக் கேக்கும், அவ்வளவுதான். அவரோட செயலாளர் அம்மா அதுகூடப் பேசத் தொடங்கி, கொஞ்ச நேரத்துல அவரையே அறைக்கு வெளிய போகச் சொன்னாங்களாம். எந்திரம் புரிஞ்சுக்குதுன்னு நம்புறது நம்ம பக்கத்துல நடக்கிற காரியம். தக்கலைக்காரனுக்கும் அதுதான் நடந்திருக்கு.

தக்கலைக்காரன்:
எலிசாவையும் இன்றைய மாடலையும் ஒரே தராசுல வைக்கிறவங்களோட நான் பேசல.

நாஞ்சில் தமிழாசிரியர்:
என் பெயரைச் சொல்லிக் கேட்டதால் ஒத்தெல்லோவுக்குப் பதில். அந்தப் பலகை நிலவரம் உள்ளே இருந்ததாகக் கண்டுபிடித்தவர் மனிதர். ‘இது பலகை’ என்று பொருள் கொண்டவரும் அவரே. நிலா அம்மையாரின் ஆய்வுகளையும் நான் ஏற்கவில்லை. பேச்சு போய்விட்டால் மொழி போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? அறுபது ஆண்டு மொழிக்குள் வாழ்ந்த மனம் அது. முட்டத்தாரின் பெரியப்பா உள்ளுக்குள் சொல்லோடுதான் அந்த வலையைப் பார்த்திருப்பார்.

முட்டம் அலை:
சாரே, நீங்க அங்கன இருந்தீங்களா?

விளவங்கோட்டுக்காரன்:
பெரியப்பாவோட மனசுக்குள்ள சொல் இருந்துச்சுன்னு ஆதாரம் இல்லாம சொல்லலாம். அதங்கோடு எங்க ஊருன்னு சொல்லத்தான் ஆதாரம் வேணும்.

மட்டுறுத்துநர்:
தலைப்பு மொழி, சிந்தனை, கணினி. அதங்கோட்டுக்குத் தனி இழை திறந்து கொள்ளவும். சிந்தனை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை ஒவ்வொருவரும் ஒரு வரியில் எழுதினால் விவாதம் நகரும்.

முட்டம் அலை:
ஒரு வரியில எழுத ஒண்ணுமில்ல. இதுவரை சொல்லாத ஒண்ணை இப்பச் சொல்லுகேன். பக்கவாதம் பெரியப்பாவுக்கு வலது பக்கம். வலது கை வலையை அமுக்கிப் பிடிக்கிற அளவுக்குத்தான் உதவிச்சு. வெட்டினது இடது கை. பொத்துனதும் இடது கை. ஆயுசு பூரா அந்தக் கை கத்தியே பிடிச்சதில்ல. இப்பச் சொல்லு, கைப்பழக்கமா?

தக்கலைக்காரன்:
இடது கை எப்போ முளைச்சுது அண்ணே? இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு? வாதத்துக்கு வேணும்னதும் வருது.

நாகர்கோவில் நிலா:
பேச்சை இழக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் மூளையோட இடது பக்கம்தான் அடிபடும், அதனால வலது கை விழுறது சகஜம். அந்த விவரத்துல சந்தேகப்பட ஒண்ணுமில்ல. ஆனா எப்படி வெட்டணும்ங்கிற பழக்கம் ஒரு கையோட மட்டும் நிக்கும்னும் சொல்ல முடியாது. வலக்கையில எழுதிப் பழகினவங்க இடக்கையில கோணலாவது எழுதிடுறாங்க.

தக்கலைக்காரன்:
அதேதான். பழக்கம்தான். கை மாறினாலும் பழக்கம்தான். நான் ஆரம்பத்துலயே சொல்லிட்டேன்.

முட்டம் அலை:
கோணலா எழுதுறதும் எந்தக் காலை வெட்டணும்னு பாக்குறதும் ஒண்ணா தங்கச்சி? செத்துப் போன மனுஷனைப் பொய்ச் சாட்சி ஆக்குறான், நீங்களும் அவனுக்குத் துணை போறீங்க. தக்கலைக்காரா, பெரியப்பா பேருல நான் பொய் சொல்லுகேன்னு எழுதினதுக்கு முதல்ல மன்னிப்புக் கேளு. கத்தியை எடுக்கிறதுக்கு முன்ன அவரு என்ன செஞ்சிட்டு இருந்தாருன்னு நான் கேட்டது இன்னும் அப்படியே கிடக்கு.

தக்கலைக்காரன்:
கட்டுமரம்னு எழுதினதுக்கே நான் மன்னிப்புக் கேக்கல, இதுக்கா? வேலை கிடக்கு. கைப்பழக்கம். என் பதில் அதுதான்.

விளவங்கோட்டுக்காரன்:
மட்டுறுத்துநருக்கு: தனி இழை திறந்தாச்சு. ஆசிரியர் சாரை அங்க காணோம்.